ஸ்வீடன்: ஒரு கோடையை வைத்து முடிவெடுக்கலாமா?

ஸ்வீடனுக்கு வேலை நிமித்தம் குடிபெயரும் நம் குடும்பங்கள் பல, கோடையில்தான் அங்கே போய்ச் சேருகின்றன. நம் ஊரில் கல்வியாண்டு ஏப்ரலில் முடிகிறது. அங்கே பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறக்கின்றன. இடைப்பட்ட மாதங்களே வீட்டைக் காலி செய்து, பெட்டி கட்டி, புது இடத்தில் குடியேற உகந்தவை என்று கருதுவது இயல்பே. என் மகளும் மருமகனும், ஏழு வயதுப் பேத்தியுடனும் இரண்டு வயதுப் பேரனுடனும் ஸ்டாக்ஹோம் நகரில் கால் வைத்தது 2025 ஜூன் முதல் வாரத்தில். அவர்களுக்குத் துணையாக நானும் என் மனைவியும் பத்து நாள் கழித்துச் சென்றோம். செப்டம்பர் தொடக்கத்தில் ஊர் திரும்பினோம்.

திரும்புவதற்கு முந்தைய வாரம் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, இங்கேயே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று இருவரும் நினைக்கிறோம். ஊரில் உள்ள மனையை விற்றால் முன்பணம் தேறிவிடும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. இது என் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. கடல் கடந்து சென்ற பிள்ளைகளிடமிருந்து தொலைபேசி வழியே இதே கேள்வியை எதிர்கொள்ளும் பெற்றோர் தமிழகத்தில் ஏராளம். ஆகவே, நான் மகளுக்குச் சொன்ன விடையையும் அதற்கான காரணங்களையும் பொதுவில் வைப்பது பயன்தரும் என்று கருதுகிறேன்.

கோடை காட்டும் முகம்

ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் ஸ்டாக்ஹோமில் அதிகாலை மூன்றரை மணிக்குச் சூரியன் உதிக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் மறைகிறது. பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பகல். அதன் பிறகும் முழு இருள் கவிவதில்லை. பேரனைத் தூங்க வைக்கக் கெட்டித் துணியால் சன்னலை மூட வேண்டியிருந்தது. வடகோடியில் உள்ள கிரூனா நகரில் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை.

இயற்கை வழங்கும் இந்த வெளிச்சத்தைத் துய்ப்பதற்கான நேரத்தைச் சட்டம் வழங்குகிறது. 1938-இல் ஸ்வீடன் தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வார ஊதியத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமாக்கியது. அது 1951-இல் மூன்று வாரமாகவும், 1963-இல் நான்கு வாரமாகவும், 1978-இல் ஐந்து வாரமாகவும் உயர்ந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரம் விடுப்பு எடுக்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. நாட்டில் சுமார் 6 லட்சம் கோடைக்குடில்கள் உள்ளன. ஜூலை பிறந்தால் நகரம் காலியாகிறது.

இன்னொரு வியப்பு, 'அல்லமான்ஸ்ரெத்தன்' என்று அவர்கள் அழைக்கும் பொதுமக்கள் உரிமை. காடு யாருடையதாயினும், பயிருக்கும் வீட்டாரின் அமைதிக்கும் ஊறு செய்யாமல் எவரும் அதில் நடக்கலாம். காட்டுப் பழங்களைப் பறிக்கலாம். ஓர் இரவு கூடாரமிட்டுத் தங்கலாம். நெடுநாள் வழக்கமான இந்த உரிமை 1994 முதல் அரசமைப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. குடியுரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள் என் மனைவியும் பேத்தியும் வீட்டுக்கு அருகிலிருந்த காட்டில் ஒரு வாளி நிறைய நீலநிறப் பழங்களைப் பறித்து வந்தார்கள். "யாரும் எதுவும் கேட்கவில்லையே" என்று மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலியையும் காவலாளியையும் பார்த்தே பழகிய நமக்கு அது வியப்பாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு கோடையைக் கண்டவர்கள் அங்கேயே வேரூன்ற விரும்புவதில் தவறு காண முடியாது. ஆனால், கோடை என்பது அந்த நாட்டின் ஒரு முகம் மட்டுமே. அதே கோடையிலேயே, சற்றுக் கூர்ந்து பார்த்தால், மற்ற முகங்களும் தெரிகின்றன.

எண் இல்லாதவர்

ஸ்வீடனில் ஒருவர் வாழத் தொடங்குவது விமான நிலையத்திலன்று, வரி அலுவலகத்தில். பிறந்த தேதியும் அதையடுத்து நான்கு இலக்கங்களும் கொண்ட தனிநபர் எண்ணை வழங்குவது அந்த நாட்டின் வரி முகமைதான். 1947-இல் நடைமுறைக்கு வந்த இந்த எண், ஒரு நாட்டின் மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய முதல் அடையாள எண் முறைகளுள் ஒன்று. குறைந்தது ஓராண்டு தங்கும் நோக்கத்துடன் வந்தவருக்கே அது கிடைக்கும்.

அந்த எண்ணைப் பின்தொடர்ந்தே பிற எல்லாம் வருகின்றன. எண் இருந்தால் அடையாள அட்டை. அட்டை இருந்தால் வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால் 'பேங்க் ஐடி' என்னும் மின்னணு அடையாளம். அந்த மின்னணு அடையாளம் இல்லாமல் மருத்துவரைச் சந்திக்க இணையவழியில் நேரம் பெறுவது, பிள்ளையைப் பாலர் பள்ளியில் பதிவது, மின் இணைப்பு ஒப்பந்தம் செய்வது என எதுவும் எளிதில் நடவாது. வங்கிகள் கூட்டாகச் சேர்ந்து 2012-இல் தொடங்கிய 'ஸ்விஷ்' என்னும் கைப்பேசிப் பணப்பரிமாற்றத்துக்கும் அதுவே திறவுகோல். சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவரும் ஸ்விஷ் எண்ணைத்தான் எழுதி வைத்திருக்கிறார். பேருந்தில் ரொக்கம் செல்லாது. 1668-இல் நிறுவப்பட்ட, உலகின் மிகப் பழைய மைய வங்கியைக் கொண்ட நாட்டில், அந்த வங்கி வெளியிட்ட தாள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு தேநீர்க் கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினேன்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் விடுப்பு மாதத்தில் மெதுவாகவே நகர்கிறது. மருமகனுக்கு எண் கிடைத்தது ஜூலை முதல் வாரத்தில். அடையாள அட்டைக்கு நேர்காணல் கிடைக்க மேலும் மூன்று வாரம். ஒரு வங்கிக் கிளையில், ஊழியர்கள் விடுப்பில் இருப்பதால் ஆகஸ்டில் வருமாறு மிகுந்த பணிவுடன் சொல்லி அனுப்பினார்கள். அதுவரை அவருடைய முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏற முடியாமல் நிறுவனத்திடமே இருந்தது. நான் கொண்டுசென்ற இந்திய வங்கி அட்டையில்தான் அந்த மாதம் பாலும் ரொட்டியும் வாங்கினோம். கையில் சேமிப்பில்லாமல், அழைத்தவுடன் உதவ உறவில்லாமல் வருபவர் இந்த இடைவெளியை எப்படிக் கடப்பார் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வந்தது.

இந்த அமைப்பைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எண் கிடைத்த மறுநாளே நிலைமை தலைகீழாகிறது. பள்ளிக் கல்வியும் பள்ளியில் மதிய உணவும் இலவசம். பாலர் பள்ளிக்கு விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் இடம் தர வேண்டியது நகராட்சியின் கடமை. கட்டணத்துக்கு மாதம் சுமார் 1,700 குரோனா என்ற அளவில் உச்சவரம்பு உண்டு. 2025 கோடையில் ஒரு குரோனா ஏறத்தாழ 9 ரூபாயாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு அரசு ஈட்டுத்தொகை வழங்குகிறது. புதிதாக வந்தவர்களுக்கு ஸ்வீடிஷ் மொழியை நகராட்சியே கட்டணமின்றிக் கற்பிக்கிறது.

நம்மிடமும் பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. ஆனால், அங்கே எண்ணுக்குப் பின்னால் கேட்டுப் பெறத்தக்க உரிமைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. எண்ணின் வலிமை இலக்கங்களில் இல்லை. அந்தப் பட்டியலில் இருக்கிறது. குன்னார் மிர்தல் என்ற ஸ்வீடன் பொருளியலறிஞரின் 'ஆசிய நாடகம்' என்ற 1968-ஆம் ஆண்டு நூலை என் தலைமுறை ஆசிரியர்கள் பாடமாக நடத்தினோம். சட்டம் இயற்றிவிட்டு அதை நிறைவேற்றாமல் விடும் நம் போன்ற நாடுகளின் அரசுகளை அவர் 'மென்மையான அரசு' என்று வகைப்படுத்தினார். அது சற்றுக் கடுமையான மதிப்பீடு என்றே அப்போது எனக்குத் தோன்றும். எந்த நாட்டை மனத்தில் வைத்து அவர் நம்மை அளந்தார் என்பது இந்தக் கோடையில்தான் புரிந்தது. உள்ளே வந்தவரைத் தாயைப்போல் தாங்கும் அந்த உறுதியான அரசு, எண் வந்து சேராதவரை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது என்பதும் அதே கோடையில்தான் புரிந்தது.

வரிசையில் நிற்கும் வீடு

மகளின் கேள்வி வீட்டைப் பற்றியது. ஸ்வீடனில் மிகவும் சிக்கலான சந்தையும் அதுவே.

வாடகையை அங்கே சந்தை நிர்ணயிப்பதில்லை. குடியிருப்போர் சங்கமும் வீட்டு உரிமையாளர்களும் பேச்சுவார்த்தை நடத்தி, வீட்டின் பயன்மதிப்பின் அடிப்படையில் வாடகையை முடிவு செய்கிறார்கள். 1968 முதல் இருந்துவரும் முறை இது. வாடகை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால், அந்த வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. ஸ்டாக்ஹோம் நகரின் வீட்டு ஒதுக்கீட்டு அமைப்பில் பதிவு செய்து வரிசையில் நிற்போர் 8 லட்சத்துக்கும் மேல். சராசரிக் காத்திருப்பு ஒன்பது ஆண்டு அளவில் இருக்கிறது. நகர மையத்தில் இன்னும் கூடுதல். விலைக்கு உச்சவரம்பு வைத்தால் பற்றாக்குறை தோன்றும் என்று முதலாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் நாம் வரையும் படம், அங்கே ஒரு தலைநகரம் முழுவதற்கும் பொருந்துகிறது. நொபேல் பொருளியல் குழுவின் தலைவராக இருந்த அசார் லிண்ட்பெக் இம்முறையை வாழ்நாள் முழுதும் கடுமையாக விமர்சித்தவர்.

ஆனாலும் அதை மாற்றுவது எளிதன்று. புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு மட்டுமாவது சந்தை வாடகையை அனுமதிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, அதை எதிர்த்து இடதுசாரிக் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. 2021 ஜூன் 21 அன்று நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. அவ்வாறு தோற்கடிக்கப்பட்ட முதல் ஸ்வீடன் பிரதமர் ஸ்டெஃபான் லோஃவேன். வாடகைக்காக ஓர் அரசு ஆட்டம் கண்ட நாடு அது. பத்தாண்டில் 10 லட்சம் வீடுகளைக் கட்டி முடித்த வரலாறும் அதே நாட்டுக்கு உண்டு. 1965 முதல் 1974 வரை அத்திட்டம் நடந்தபோது மக்கள்தொகை சுமார் 80 லட்சம் மட்டுமே. இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

வரிசையில் இடமில்லாத புதியவருக்கு எஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, மற்றவர் வீட்டை உள்வாடகைக்கு எடுப்பது. கோடையில் உரிமையாளர்கள் குடிலுக்குப் போவதால் இத்தகைய வீடுகள் கிடைக்கின்றன; ஆகஸ்ட் பிற்பகுதியில் அவர்கள் திரும்பி வரும்போது, பல்கலைக்கழக மாணவர்களும் நகருக்குள் வந்து சேர்வதால், அதே வீட்டுக்குப் போட்டி பெருகுகிறது. மகள் கிஸ்டா பகுதியில் எடுத்த வீடும் ஆகஸ்ட் இறுதி வரைக்குமானதே. நாங்கள் அங்கிருந்த பன்னிரண்டு வாரத்தில் ஒரு முறை வீடு மாறினோம். மூன்று மாதத்தில் இரண்டாவது முகவரி என்றதும் பேத்தி, "பள்ளியும் மாறுமா?" என்று கேட்டாள். மாறவில்லை; ஆனால், அந்தக் கேள்விதான் மகளை வீடு வாங்கும் எண்ணத்தை நோக்கித் தள்ளியது.

வாங்குவது இரண்டாவது வழி. 2025-இல் இருந்த விதிப்படி, வீட்டின் விலையில் 15 விழுக்காட்டை வாங்குபவர் தம் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. எஞ்சியதற்கான கடனின் வட்டி பெரும்பாலும் மாறும் தன்மையது. 2022 ஏப்ரலில் சுழியமாக இருந்த மைய வங்கியின் கொள்கை வட்டி, 2023 செப்டம்பரில் 4 விழுக்காடானது. 2025 ஜூனில் 2 விழுக்காடாகக் குறைந்தது. மூன்றே ஆண்டில் இத்தனை ஏற்ற இறக்கம். வட்டி ஏறிய காலத்தில் வீட்டு விலைகள் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தன. 15 விழுக்காடு முன்பணம் போட்டு உச்சத்தில் வாங்கியவர், அதில் பெரும்பகுதி கரைந்ததைப் பார்த்திருப்பார்.

மாறிவரும் விதிகள்

கடனைவிடப் பெரிய நிச்சயமின்மை அனுமதிச் சீட்டில் இருக்கிறது. வேலை அனுமதி முதலில் ஒரு நிறுவனத்துடனும் ஒரு தொழிலுடனும் பிணைக்கப்பட்டே வழங்கப்படுகிறது. மகள் குடும்பம் சென்றபோது இருந்த விதிப்படி, வேலை போனால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். 2024-இல் ஸ்வீடனில் வேலையின்மை 8 விழுக்காட்டுக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது உயர்ந்த விகிதங்களுள் ஒன்று.

விதிகளும் இறுகி வருகின்றன. வேலை அனுமதிக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 2023 நவம்பர் 1 அன்று 13,000 குரோனாவிலிருந்து 27,360 குரோனாவாக, ஒரே நாளில் இரு மடங்குக்கும் மேல் உயர்த்தப்பட்டது. நாட்டின் இடைநிலை ஊதியத்தில் 80 விழுக்காடு என்பது அப்போதைய கணக்கு. இடைநிலை ஊதியம் ஏற ஏற அதுவும் ஏறும். 2025 ஜூனில் 29,680 குரோனா. மென்பொருள் பொறியாளரை இது நேரடியாகப் பாதிக்காது. சமையலர், துப்புரவாளர், தொடக்கநிலைப் பணியாளர் ஆகியோரை வாசலிலேயே நிறுத்திவிடும். 2024-இன் முதல் ஆறு மாதங்களில் ஸ்வீடனுக்கு வந்த இந்தியர்களைவிட அங்கிருந்து வெளியேறிய இந்தியர்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. வேலை அனுமதி பெறுவோரில் நெடுநாளாக முன்னணியில் இருக்கும் ஒரு நாட்டாரிடையே நேர்ந்த இந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. வெளியேறியோர் அனைவரும் விரட்டப்பட்டவர்கள் அல்லர். விலைவாசி, வேலைச் சந்தை, வீடு, ஊரில் முதுமையடையும் பெற்றோர் எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆனால், அவர்களில் பலரும் ஒரு கோடையில் நம்பிக்கையுடன் வந்திறங்கியவர்களாகவே இருந்திருப்பார்கள்.

தாத்தா, பாட்டிக்கு இடமுண்டா?

1974-இல் பெற்றோர் விடுப்பைத் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாக்கிய முதல் நாடு ஸ்வீடன். இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள் ஈட்டுத்தொகையுடன் விடுப்பு. அதில் 90 நாள் ஒவ்வொருவருக்கும் தனியே ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதில் ஒரு புதுமை. பெற்றோர் ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து 45 நாள் வரை வேறொருவருக்கு, அதாவது தாத்தாவுக்கோ பாட்டிக்கோ, மாற்றித் தரலாம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அரசு ஊதியம் தருகிறது என்ற செய்தி நம் ஊடகங்களிலும் வியப்புடன் வெளியானது.

அந்தப் பாட்டி ஸ்வீடன் நாட்டுச் சமூகக் காப்பீட்டுக்குள் இருப்பவராக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். 180 நாளில் 90 நாள் என்ற வருகை விசாவில் வந்த பாட்டிக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு வாரமும் பேரனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்த என் மனைவி அந்த அரசின் பார்வையில் ஒரு சுற்றுலாப் பயணி. வயது வந்த பிள்ளைகளுடன் வாழப் பெற்றோருக்குக் குடியிருப்பு அனுமதி, மிக அரிதான சூழல்களில் மட்டுமே கிடைக்கும்.

இதை மனவருத்தமாக மட்டும் நான் பார்க்கவில்லை, கணக்காகவும் பார்க்கிறேன். ஸ்வீடனில் முதியோரைப் பேணுவது நகராட்சியின் சட்டப்பூர்வக் கடமை. அதற்காகவே ஒவ்வொருவரும் வருமானத்தில் சராசரியாக 32 விழுக்காட்டை உள்ளாட்சி வரியாகக் கட்டுகிறார்கள். இந்தியாவிலோ 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி அந்தக் கடமை பிள்ளைகளுடையது. ஆக, என் மகள் அங்கே கட்டும் வரி அந்த நகரத்து முதியோரைப் பேணுகிறது; சொந்தப் பெற்றோரைப் பேணும் கடமையும் இந்தியச் சட்டப்படி அவள்மீதே இருக்கிறது; அவர்களைத் தன்னுடன் வைத்துக்கொள்ளவோ அந்த நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. இரு நாடுகளுக்கிடையே 2014 முதல் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு நடைமுறையில் உள்ளது. அது பணியாற்றியவரின் ஓய்வூதியத்தைப் பற்றியது, பெற்றோரைப் பற்றியதன்று.

தமிழகத்துக்கு இது வருங்காலத்தின் பெரிய கேள்வி. ஸ்வீடனில் 2024-இல் கருவள விகிதம் 1.43. அந்த நாடு 1749-இல் மக்கள்தொகைக் கணக்கைத் தொடங்கிய நாள்முதல் அந்த ஆண்டு வரை அதுவே மிகக் குறைவு. தமிழகத்தின் விகிதம் மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி 2020-இல் 1.4. பிள்ளைப்பேற்றில் நாம் ஸ்வீடனுக்கு இணையாகிவிட்டோம்; முதியோர் பராமரிப்பில் இணையாகவில்லை. இரண்டு பிள்ளைகளில் ஒருவர், சில வீடுகளில் ஒரே பிள்ளை, அயல்நாட்டில் இருக்கிறார். அங்கே நகராட்சி செய்வதை இங்கே யார் செய்வது என்பதற்கு நம்மிடம் இன்னும் விடை இல்லை.

காத்திருப்பின் மதிப்பு

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு முடிவைப் பின்வாங்க முடியாதபோது, வருங்காலம் தெளிவற்றிருக்கும்போது, காத்திருப்பதற்கே ஒரு பொருளாதார மதிப்பு உண்டு என்பது முதலீட்டுக் கோட்பாட்டின் அடிப்படைப் பாடம். மனையை விற்பது பின்வாங்க முடியாத முடிவு. விற்ற விலைக்கு அதை மீண்டும் வாங்க இயலாது. அனுமதிச் சீட்டின் வருங்காலம், வட்டி, வேலை மூன்றும் தெளிவற்றவை. இந்நிலையில் வாடகையாகக் கொடுக்கும் பணம் வீண் என்று கருதுவது தவறு. அது தகவலுக்காகக் கொடுக்கும் விலை.

அந்தத் தகவலில் முக்கியமானது பருவம். புள்ளியியல் மாணவருக்கு நாம் முதலில் சொல்வது, மாதிரி ஒருபக்கம் சாயக்கூடாது என்பது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பார்த்துவிட்டு ஒரு நாட்டைப் பற்றி முடிவெடுப்பது முற்றிலும் சாய்ந்த மாதிரி. அதே ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான்; பிற்பகல் மூன்று மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்த நாட்டின் குடும்பங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை ஒருவர் மட்டுமே வாழும் குடும்பங்கள். கோடையில் ஏரிக்கரையில் புன்னகையுடன் பேசிய அண்டை வீட்டார் நவம்பரில் கதவைத் திறப்பார்களா என்பதை நவம்பரில்தான் அறிய முடியும். மகள் தானும் வேலைக்குப் போக விரும்புகிறாள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. வேலைச் சந்தையோ ஸ்வீடிஷ் மொழியைக் கேட்கிறது. மொழி வகுப்பில் அவள் எவ்வளவு முன்னேறுகிறாள் என்பதற்கும் ஒரு குளிர்காலமாவது வேண்டும்.

ஆகவே நான் சொன்னது இதுதான்: "வீடு வாங்காதே என்று சொல்லவில்லையம்மா. இந்தக் குளிர்காலத்தை வாடகை வீட்டில் கழியுங்கள். இரண்டு நவம்பர் போகட்டும். மனை எங்கும் ஓடிவிடாது. வீட்டு ஒதுக்கீட்டு வரிசையில் மட்டும் இன்றே பதிந்துவிடுங்கள்." வரிசையில் பதியும் கட்டணம் ஆண்டுக்கு 200 குரோனா. ஒன்பது ஆண்டு நீளும் வரிசையில் ஒரு நாள் முந்துவதும் ஆதாயம்தான். மகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளைகளை இன்னும் எத்தனை முறை வீடு மாற்றுவது?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. என் கணக்கில் அதற்கு ஒரு நெடுவரிசை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓராண்டுக்குக் குறையாத உள்வாடகை ஒப்பந்தம் கிடைத்தால் காத்திருப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

முடிவாக ஒன்று. இன்று குடியேறிகளை வரவேற்பதா, தடுப்பதா என்று விவாதிக்கும் ஸ்வீடன், ஒரு காலத்தில் தன் மக்களைக் கப்பலேற்றிய நாடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1920-கள் வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1900-இல் அதன் மக்கள்தொகையே சுமார் 51 லட்சம்தான். அப்போது அந்த நாட்டு அரசு செய்த ஒரு செயல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1907-இல் குஸ்தாவ் சுன்ட்பெர்க் என்ற புள்ளியியலாளரின் தலைமையில் ஒரு விசாரணையைத் தொடங்கி, மக்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்று ஆறாண்டு ஆராய்ந்தது. வெளியேறியவர்களின் சொந்த வாக்குமூலங்களையும் கேட்டுத் தொகுத்தது. நிலமின்மை, வேலையின்மை, வாக்குரிமையின்மை, மேட்டிமைத்தனம் எனக் குறைகள் வந்து குவிந்தன. அந்த விசாரணை முடிந்த 1913-இல்தான் அனைவருக்குமான முதியோர் ஓய்வூதியச் சட்டமும் அங்கே நிறைவேறியது. பின்னர் எழுந்த நல்வாழ்வு அரசின் முதற்கற்களுள் அதுவும் ஒன்று.

2015-இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழகத்தார் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்கள் அனுப்பும் பணத்தை நாம் கணக்கிடுகிறோம். அவர்களுக்கு நல வாரியம் அமைத்திருக்கிறோம். அவர்கள் விட்டுச்சென்ற பெற்றோர் எத்தனை பேர், எந்த ஊரில், யாருடைய துணையுடன் வாழ்கிறார்கள் என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். ஊராட்சி அளவிலும் நகராட்சி அளவிலும் அந்தப் பட்டியல் இருந்தால்தான் இல்லம் தேடிச் செல்லும் மருத்துவத்தையோ, பகல்நேரப் பராமரிப்பையோ, ஓர் அவசர அழைப்பு எண்ணையோ திட்டமிட முடியும். ஸ்வீடனிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் அதன் செல்வம் அன்று. கேட்டு, எண்ணி, பிறகு சட்டமியற்றும் பழக்கம்.

நானும் மனைவியும் ஊர் திரும்பி, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தோம். அன்று மாலையே மகள் அழைத்தாள். அங்கே இருட்டத் தொடங்கும் நேரம் முன்கூட்டியே வருகிறதாம். "எட்டு மணிக்கே விளக்குப் போட்டுவிட்டோம் அப்பா" என்றாள். டிசம்பரில் மீண்டும் பேசுவோம் என்றேன்.